காசோலை எழுதும் முன் முளைப்பு பாருங்கள்

நம் சங்கத் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், பொருளாளர் ஐயா, செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நம் விதை இணையதளத்துக்குப் புது ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க சர்வரில் வாடகை இடம், எடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. மூன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை, இடம் அன்லிமிடெட் என்று சொல்லிப் பத்து நிமிஷத்தில் தீர்மானம் போட்டுவிட்டீர்கள். நான் எழுந்தபோது, "நேரமாயிடுச்சு தம்பி, ஒரு வீட்டிலேருந்து இன்னொரு வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கி வைக்கிறதுதானே" என்றார் செயலாளர் அண்ணன். அன்று உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். மூன்று வருஷக் காசோலையை இப்போது எழுதாதீர்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, நம் தளத்தை அங்கே ஏற்றிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் பணம் கட்டுங்கள்.

போன தடவை தளத்தை இடம் மாற்றியபோது இப்படிப் பெட்டியைத் தூக்கி வைத்த கதை உங்களுக்குத் தெரியும். என்ன போனது என்று மட்டும் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வேதாரண்யம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்லச் சொல்ல, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் போனிலேயே அடித்து ஏற்றிய பக்கம் ஒன்று இருந்தது. கஜா புயலுக்குப் பிறகு உப்பு ஏறிய வயலில் குழியடிச்சான் நெல்லை எப்படி நின்று விளைய வைத்தார், மழைத் தண்ணீரை எத்தனை தடவை கட்டி வடித்தார், எந்த மூலையில் பயிர் கருகியது, எந்த மூலையில் தப்பியது, எல்லாம் அதில் இருந்தது. இடம் மாற்றிய பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை கேள்விக்குறி. குழியடிச்சான் என்ற பெயர் இருந்த இடத்தில் 13 கேள்விக்குறிகள், எண்ணிப் பார்த்தேன். எண்கள் மட்டும் அப்படியே நின்றன. புயல் வந்த 2018 இருந்தது. அவருடைய வயலின் அளவு 3 மா என்பதில் அந்த 3 இருந்தது. நடுவில் இருந்த பேச்சு முழுக்கப் போய்விட்டது. பெரியவரும் இன்று இல்லை.

இது தற்செயலாக நடந்தது இல்லை ஐயா. தளத்தின் எழுத்தெல்லாம் டேட்டாபேஸ் என்ற தகவல் கிடங்கில் இருக்கிறது. அதை வெளியே எடுக்கும்போது தமிழே தெரியாத பழைய லத்தீன் குறிமுறையில் (எழுத்தைக் கணினி சேமிக்கிற முறை) எடுத்திருக்கிறார்கள். அந்தக் குறிமுறையில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. கணினிக்கு "கு" என்பது "க" ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டு குறி; அப்படி ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு அனுப்பிவிடும். தமிழும் அடங்கிய யுடிஎஃப்-8 என்ற குறிமுறையில் இருப்பதைத் தப்பாகப் படித்து விநோத எழுத்தாக வந்திருந்தால்கூடத் திருப்பிக் கொண்டுவர வழி உண்டு. கேள்விக்குறியாக மாறியதைத் திருப்ப முடியாது. பேக்கப், அதாவது காப்புப் பிரதி, கேட்டோம். தினமும் எடுக்கிறோம் என்று சொன்னவர்கள் ஏழு நாள் பிரதிதான் வைத்திருந்தார்கள். நாம் கவனித்தது பத்தாம் நாள். முதல் பக்கத்தைப் புதிதாக எழுதிப் போட்டிருந்ததால், உள்ளே போய்ப் பார்க்கிறவரை எல்லாம் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். நான்கு வருஷம் நான் ஏற்றியது 214 பதிவுகள். அதில் மீண்டது 90-க்குக் கொஞ்சம் மேல், அதுவும் உறுப்பினர்கள் சிலர் அச்செடுத்து வைத்திருந்ததால்.

உங்களில் யாராவது விதை நெல்லை மூட்டையைப் பார்த்து வாங்குவீர்களா? ஈரச் சாக்கில் நூறு விதையை மடித்து வைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணிவிட்டுத்தானே நாற்றங்காலுக்குப் போவீர்கள்? சான்று விதைக்கே நெல்லில் 80 சதவீதம் முளைப்பு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு போகத்துக்கு இவ்வளவு பார்க்கிற நாம், மூன்று வருஷத்துக்கான ஹோஸ்டிங்கை விளம்பரத்தைப் பார்த்து வாங்குவது என்ன நியாயம்?

அன்லிமிடெட் என்ற சொல்லையும் நம்பாதீர்கள். இடத்துக்கு அளவில்லை என்பார்கள், கோப்புகளின் எண்ணிக்கைக்கு அளவு வைத்திருப்பார்கள். நாம் ஒரு கதிர்ப் படத்தை ஏற்றினால், தளத்தை நடத்துகிற வேர்ட்பிரஸ் மென்பொருள் அதை ஐந்தாறு அளவுகளில் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆயிரம் படம் போட்டால் கோப்பு எத்தனை ஆகும் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பக்கம் எடுத்துக் கொடுக்கும் என்பதற்கும் வரம்பு உண்டு. 2024-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்காமல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அதனால் குறுவைச் சாகுபடியை விட்டவர்கள் எல்லாம் ஆடிப்பெருக்கு வாரத்தில் சம்பா விதை யாரிடம் இருக்கிறது என்று தேடி நம் தளத்துக்கு வந்தார்கள். தளம் நின்றுவிட்டது, வரம்பு முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியது. அந்த அவசரத்தில்தான் இடம் மாற்றினோம், கேள்விக்குறியும் வந்தது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களோடு மலிவாகக் கிடைக்கிற இடத்தில் நாம் கடைமடை, வாய்க்காலின் கடைசி வயல் மாதிரி. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஆட்சியர் அலுவலகத்தில் போய் நிற்கிற சங்கம் நம் சங்கம். இது உங்களுக்குப் புரியாத விஷயமா?

இப்போது இருக்கும் இடத்தில், வேர்ட்பிரஸ் ஓடுவதற்கான பிஎச்பி என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான 7.4-தான் இன்னும் இருக்கிறது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. ஆகவே மாற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) முன்பு தளம் செய்துகொடுத்தவரின் மெயிலில்தான் பதிவாகி இருக்கிறது, அதையும் சங்கத்தின் பெயருக்கு மாற்றியாக வேண்டும்.

சொல்லப்போனால் இது நம் சங்கத்தோடு நிற்கிற குறை இல்லை. டெல்டாவில் எத்தனை சங்கம், எத்தனை அமைப்பு, குத்துவிளக்கு ஏற்றி ஒரு தளத்தைத் தொடங்கிவைத்து, இரண்டாம் வருஷம் புதுப்பிக்கும் பில் வந்ததும் அப்படியே விட்டுவிடுகின்றன! முதல் வருஷ விலையைப் பார்த்து வாங்குகிறோம், புதுப்பிப்பு விலையைக் கேட்பதில்லை. மேடைக்கும் சால்வைக்கும் செலவழிக்க யோசிப்பதே இல்லை. நம் தாத்தாக்கள் ஓலையில் எழுதிப் பரணில் வைத்ததுகூட நூறு வருஷம் கழித்துக் கையில் கிடைக்கிறது. நாம் எழுதியது பத்து நாளில் போகிறது. இதைப் பற்றி வருத்தப்படக்கூட யாருக்கும் நேரமில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொறுத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது. உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. இந்தத் தளம் வேண்டும் என்று முதலில் சொன்னவரே தலைவர் ஐயாதான் என்பதை நான் மறக்கவில்லை.

மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். ஒரு மாதம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த ஒரு மாதக் கட்டணத்தை நானே கட்டுகிறேன். டேட்டாபேஸின் பிரதி ஒன்று முன்கூட்டியே நம் கையில் இருக்கட்டும். புது இடத்தில் ஏற்றியதும் தமிழ் சரியாக வருகிறதா, தூயமல்லி நெல் என்று தேடினால் கிடைக்கிறதா என்று பார்ப்போம். கூட்டத்துக்கு வருகிற நாற்பது பேரும் ஒரே நேரத்தில் போனில் திறந்து பார்க்கட்டும். ஒரு பக்கத்தை நாமே அழித்துவிட்டு, அவர்களுடைய பேக்கப்பிலிருந்து திருப்பிக் கொடுக்கச் சொல்வோம். கொடுத்தால் மூன்று வருஷத்துக்குக் கட்டுங்கள், நானே முதலில் கை தூக்குகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வருகிறேன், கூட்டத்தில் அரை மணி நேரம் மட்டும் ஒதுக்குங்கள். வேதாரண்யம் பெரியவரின் மகனைத் தேடிப் போய், அவருக்கு நினைவிருந்த அளவுக்குக் கேட்டு, குழியடிச்சான் பக்கத்தைத் திரும்ப எழுதியிருக்கிறேன். பழையதில் பாதிகூட வராது. அந்தப் பக்கத்தையே முதலில் ஏற்றிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தளத்தைக் கவனித்து வரும் உறுப்பினர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.