கபடிக்கு இப்போது அவசரம் இல்லை

அன்பு மகன் செல்வத்துக்கு, அம்மா எழுதுவது.

பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் வந்ததும் நம் தெரு அணிக்கு ஆடுவேன் என்று சித்தப்பா மகனிடம் சொன்னாயாமே. போனில் கேட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ நினைவில்லாமல் கிடந்தபோது நடந்தது உனக்குத் தெரியாது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். மூச்சு வாங்கியதும், இந்த வயதில் மாரடைப்பா என்று பதறினோம். ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. வைரஸால் இதயத் தசை வீங்கிவிட்டது, மயோகார்டைட்டிஸ் என்றார் டாக்டர். 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய பம்பிங் 15-க்கு இறங்கியிருந்தது. மருந்துக்கு பிரஷர் நிற்கவில்லை. அப்புறம்தான் எக்மோ மெஷின், இதயம், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து பார்ப்பது.

தொடையில் ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே வரும். மெஷின் அதில் ஆக்சிஜன் ஏற்றி இன்னொரு குழாய் வழியாக உள்ளே தள்ளும். "இது நோயைக் குணப்படுத்தாதும்மா, வீக்கம் வடியும் வரை உயிரைத் தாங்கும்" என்றார். கழுத்துப் புண் ஆறும்வரை மாட்டை நுகத்தில் பூட்டாமல் இருப்போமே, அப்படித்தானே என்று கேட்டார் உன் அப்பா. டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கே கசியுமோ என்று ஒரு பயம். தொடைக் குழாய் மறித்துக் காலுக்கு ரத்தம் போகாமல் இருந்துவிடக் கூடாதென்று, பாதத்தை நோக்கித் தனியாக ஒரு சின்னக் குழாய் வேறு. நர்ஸ் பிள்ளை அடிக்கடி உன் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். "சூடா இருக்கும்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

வீக்கம் வடிய வடிய மெஷின் ஓட்டத்தைக் குறைத்து, உன் இதயம் தானாகத் தாங்குகிறதா என்று எக்கோவில், அதான் இதய ஸ்கேனில், பார்த்தார்கள். தாங்கியது. மாற்று இதயம் என்ற பேச்சும் அதோடு நின்றது.

இப்போது உனக்கு ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். ஏல, அதுதான் வம்பே. தசையில் வீக்கம் மிச்சமிருந்து, நீ மூச்சுப் பிடித்து ஆடினால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். 3 முதல் 6 மாதம் ஓட்டம், ஜிம் எதுவும் கூடாது என்றது அதற்குத்தான். அப்புறமும் எக்கோ, நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர், ஓடவிட்டுப் பார்க்கும் ட்ரெட்மில் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். உடம்பு வலித்தால் மெடிக்கலில் நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே.

நீ ஆடவில்லை என்று சித்தப்பா மகனிடம் நானே சொல்லிவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. ஸ்கோர் எழுத ஆள் இல்லையாம், அதை வேண்டுமானால் செய். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைக்கிறதா என்று பார். எக்கோ ரிப்போர்ட் வந்ததும் அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு, எனக்கு அதில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது.

அம்மா