லிபெட்டின் கடிகாரத்தை ஓட்டப்போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. இந்த செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு லிபெட் சோதனையைத் திரும்பச் செய்யப்போகிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தலைப்பில் 'சுயவிருப்பம் மாயை என்று நிரூபித்த சோதனை' என்று போட்டிருக்கிறாயே, அது உறுத்துகிறது. செய்முறையைச் சொல்லிக்கொண்டே போகிறேன், ஏன் உறுத்துகிறது என்பது வழியில் புரியும்.

விரலை அசைப்பதற்கு ஒரு விநாடி முன்பிருந்தே உச்சந்தலையில் ஒரு மின்னழுத்தம் மெல்ல எதிர்மறையாகச் சரிகிறது என்று 1965இல் ஜெர்மனியின் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் எழுதினார்கள். அதுதான் ஆயத்த மின்னழுத்தம். (இந்தத் துறையில் பலர் எதிர்மறையை மேல்நோக்கி வரைவார்கள், அதனால் படத்தில் ஏறுவதுபோல் இருக்கும். முதலில் அச்சைப் பார்.) பெஞ்சமின் லிபெட் 1983இல் அதோடு இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்: அசைக்க வேண்டும் என்ற உந்துதல் எப்போது தோன்றியது? கடிகார முகப்பில் சுற்றும் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே, உந்துதல் வந்தபோது அது எங்கே இருந்தது என்று ஆட்கள் சொல்ல வேண்டும். மூளை அலை அசைவுக்குச் சுமார் 550 மில்லிவிநாடி முன்பு தொடங்கியது. உந்துதலை உணர்ந்ததாக ஆட்கள் சொன்ன நேரம் சுமார் 200 மில்லிவிநாடி முன்பு. நாம் விரும்புவதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிட்டதா என்று, இடையில் இருக்கும் அந்த 350 மில்லிவிநாடியின் மேல்தான் நாற்பது வருடச் சண்டை. பங்கேற்றவர்களோ பத்துப் பேர்கூட இல்லை.

கடிகாரத்தில் புள்ளி ஒரு சுற்றுக்கு 2.56 விநாடி எடுக்க வேண்டும். முகப்பில் 60 பிரிவு என்றால் ஒரு பிரிவு ஏறக்குறைய 43 மில்லிவிநாடி. 60 ஹெர்ட்ஸ் திரையில் 2.56 விநாடி என்பது 153.6 ஃபிரேம், முழு எண் வராது. ஃபிரேமை எண்ணி நகர்த்தாதே, கழிந்த நேரத்தை வைத்துப் புள்ளியின் இடத்தைக் கணக்கிடு. ஒவ்வொரு முறையும் புள்ளி வேறு இடத்திலிருந்து கிளம்பட்டும். முதல் சுற்று முடியும்வரை அசைக்கக் கூடாது என்று சொல். '30 வந்ததும் அசைக்கலாம்' என்று யாராவது முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் அந்த முயற்சியைத் தனியாக வை. திட்டமிட்ட அசைவில் அலை ஏறக்குறைய ஒரு விநாடி முன்பே தொடங்கிவிடும், கலந்தால் சராசரி கெடும்.

எலெக்ட்ரோடு சி-இசட் என்ற உச்சிப்புள்ளியில் அவசியம் வேண்டும். ஒப்பீட்டுக்குக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின்மேல் வை, தோலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவா. மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஃபில்டர். மென்பொருளில் ஏற்கெனவே 1 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதைவிட மெதுவான அலைகளை வெட்டும் ஃபில்டர்) போட்டிருந்தால் இந்த மெதுவான அலை அதிலேயே கரைந்துபோகும், பிறகு 'எனக்கு அலையே வரவில்லை' என்பாய். 0.05 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே வை. அப்படி வைத்தால் வியர்வையால் வரும் மெதுவான நகர்வும் உள்ளே வரும். அறையைக் குளிராக வைத்திரு.

அசைவு தொடங்கிய கணத்தை, அதாவது பூஜ்ஜிய நேரத்தை, பட்டன் அழுத்தத்திலிருந்து எடுக்காதே. தசை முதலில் சுருங்குகிறது, பட்டன் பிறகுதான் அழுந்துகிறது, யுஎஸ்பி விசைப்பலகை தன் பங்குக்கு இன்னும் தாமதிக்கும். முன்கையில் ஈ.எம்.ஜி. (தசையின் மின்சாரப் பதிவு) வைத்து அது தொடங்கும் கணத்தைப் பூஜ்ஜியமாக்கு. அலையின் உயரம் சில மைக்ரோவோல்ட்தான், பின்னணி இரைச்சல் அதைவிடப் பல மடங்கு. 40 முயற்சிகளைச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஆறில் ஒரு பங்காகக் குறையும். கண் சிமிட்டல் தனியாக 100 மைக்ரோவோல்ட் வரை போகும், அந்த முயற்சிகளைத் தூக்கிவிடு.

உந்துதல் நேரத்தை ஆட்கள் சொல்வதை அப்படியே நம்பாதே. தோலில் தற்செயலான நேரத்தில் ஒரு தட்டு கொடுத்து, புள்ளி எங்கே இருந்தது என்று கேள். லிபெட்டின் ஆட்கள் அதையே ஏறக்குறைய 50 மில்லிவிநாடி முன்னதாகச் சொன்னார்கள். அதைக் கழித்துத்தான் அவர் 200ஐ 150 ஆக்கினார். 2009இல் பேங்க்ஸும் இஷாமும் பட்டன் அழுத்திய சில பத்து மில்லிவிநாடிக்குப் பிறகு ஒரு பீப் ஒலி கொடுத்தார்கள். பீப் தள்ளிப்போகப்போக, உந்துதல் வந்ததாகச் சொன்ன நேரமும் தள்ளிப்போனது. அசைவுக்குப் பின் வந்த ஒலி, அசைவுக்கு முன் தோன்றிய எண்ணத்தின் நேரத்தை மாற்றுகிறது என்றால், அந்த எண் ஓரளவுக்கு ஊகித்துச் சொன்னதுதான்.

இனி சராசரிக்கு வருகிறேன். அசைவு நடந்த முயற்சிகளை மட்டும் எடுத்து, அசைவிலிருந்து பின்னோக்கி அடுக்குகிறாய். ஏரி கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) மட்டம்வரை நிரம்பி, காற்றுக்கு அலையடித்துக்கொண்டிருக்கிறது என்று வை. நீர் வழிந்த கணங்களை மட்டும் பொறுக்கி, அவற்றுக்கு முந்தைய மட்டத்தைச் சராசரி எடுத்தால் நீர் சீராக ஏறிவந்ததுபோல்தான் தெரியும். வழியாமல் இறங்கிப்போன அலைகள் உன் கணக்கிலேயே இல்லை. 2012இல் ஷர்கர், சிட், டெஹேன் மூவரும் காட்டியது இதைத்தான்: தற்செயலான இரைச்சல் ஒரு வரம்பைத் தொடும் கணித மாதிரியிலிருந்தே ஆயத்த மின்னழுத்தத்தின் வடிவம் வந்துவிடுகிறது. அப்படியானால் 550 என்பது மூளை முடிவெடுத்த நேரமாக இருக்க வேண்டியதில்லை. அதனால் அசையாத இடைவெளிகளையும் பதிவுசெய்து வை, ஒப்பிட வேறு வழியில்லை.

ஹெய்ன்ஸ் குழுவின் 2008 எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை ஸ்கேன்) ஆய்வை மேற்கோள் காட்டியிருக்கிறாய். எந்தப் பட்டனை அழுத்துவார்கள் என்று ஏழு விநாடி முன்பே தெரிந்தது என்பது சரி, எவ்வளவு சரியாகத் தெரிந்தது என்பதையும் எழுது: இரண்டு பட்டன்களுக்கு 60 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 வரும்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2019இல் மாவோஸ், யாஃப்பே, கோக், முட்ரிக் செய்த சோதனை. பங்கேற்றவர்கள் இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்குப் பணம் போக வேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டும். சில முறை அவர்கள் தேர்வு உண்மையிலேயே பணத்தைத் திருப்பும், சில முறை எதை அழுத்தினாலும் இரண்டுக்கும் சமமாகப் போகும். காரணம் எதுவும் தேவையில்லாத இரண்டாவது வகையில் ஆயத்த மின்னழுத்தம் வந்தது, முதல் வகையில் பெரும்பாலும் காணோம். சுயவிருப்பம் என்று நாம் கவலைப்படுவது யாரைக் கட்டிக்கொள்வது, எந்த வேலையை விடுவது, யாரைத் தண்டிப்பது போன்ற விஷயங்களில். மணிக்கட்டை இப்போது மடக்கலாமா இன்னொரு நொடி கழித்து மடக்கலாமா என்பதில் காரணம் எடைபோட எதுவும் இல்லை. அங்கே இரைச்சல் முடிவு செய்தால் என்ன குறைந்துவிட்டது?

இதை வைத்து சுயவிருப்பம் உண்டு என்றும் எழுதிவிடாதே. இரைச்சல் முடிவெடுப்பது சுதந்திரம் ஆகாது. எல்லாமே முன்காரணங்களால் நிர்ணயிக்கப்பட்டதா, அப்படியானாலும் பொறுப்பு என்பதற்கு இடமுண்டா என்ற பழைய கேள்வி, 550 இருந்தாலும் 50 இருந்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும்.

தலைப்பை 'தன்னிச்சையான விரலசைவுக்கு முந்தைய மூளை அலை: ஒரு மறுசோதனை' என்று மாற்று. முதல் இரண்டு பேரின் பதிவு முடிந்ததும், சராசரி எடுக்கும் முன், ஃபில்டர் போடாத கோப்புகளை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா