ஓவியம் வரையாத இயக்குநர்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உனக்கு ஓவியம் கைவரவில்லை என்பதால் அனிமேஷன் படிக்கும் எண்ணத்தையே விட்டுவிடப்போவதாக எழுதியிருந்தாய். முடிவெடுக்கும் முன் ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் இசாவோ தகஹாதாவைப் பற்றி நீ அறிந்துகொள்ள வேண்டும். மற்றொரு இயக்குநரான ஹயாவோ மியாசாகியோடு சேர்ந்து 1985இல் ஸ்டூடியோ ஜிப்லி என்ற அனிமேஷன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்துவிட்டு 1959இல் தோயே என்ற அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தவர், ஓவியர் அல்லர். 2018இல் மறையும்வரை பிறருடைய கைகளைக் கொண்டே படமெடுத்தார்.

அதை நான் குறையாகக் கருதவில்லை. தமக்கென்று ஒரு கோடு இல்லாததால்தான் படத்துக்குப் படம் வேறொரு கோட்டை அவரால் தேட முடிந்தது. போரில் ஆதரவிழந்த ஓர் அண்ணன் தங்கையின் கதையான 'மின்மினிகளின் கல்லறை' (1988) படத்தில் உருவங்களின் விளிம்புகளுக்கு வழக்கமான கறுப்பை விடுத்துப் பெரும்பாலும் பழுப்பு நிறத்தைக் கையாண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஒகயாமா நகரின்மீது 1945 ஜூன் 29 அன்று குண்டுகள் பொழிந்தபோது, ஒன்பது வயதுச் சிறுவனாகத் தம் சகோதரியோடு தீயினூடே ஓடித் தப்பியவர் அவர். அப்படியிருந்தும் 'மின்மினிகளின் கல்லறை'யைப் போர் எதிர்ப்புப் படம் என்று அழைப்பதை அவர் ஏற்கவில்லை. துயரத்தைக் காட்டுவதால் மட்டும் அடுத்த போர் நின்றுவிடாது என்று வாதிட்டார். அந்த நேர்மை என்னை இன்றும் உலுக்குகிறது.

'ஒன்லி எஸ்டர்டே' (1991) படத்தில், பெரியவர்கள் பேசும் காட்சிகளுக்குக் குரலை முதலில் பதிவுசெய்து, பேசுபவரின் கன்னத் தசை அசைவதைக்கூட அதற்கேற்ப வரையச் செய்தார். ஜப்பானில் படம் வரைந்தபின் குரல் கொடுப்பதே வழக்கம். 'இளவரசி ககுயா' (2013) இன்னும் ஒருபடி மேலே போகிறது. பெயர்சூட்டு விருந்திலிருந்து ககுயா ஓடும் காட்சியைப் பார்: ஆடைகள் ஒவ்வொன்றாக நழுவ, மென்மையான கோடுகள் கரித்துண்டால் கிறுக்கியவை போலச் சிதறுகின்றன; அவள் சினத்தைச் சொல்ல அங்கே வசனமே தேவைப்படவில்லை. அந்தக் கோடுகளை வரைந்தவர்கள் வேறு. அவை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் தகஹாதா. அப்பிடிவாதத்தால் படம் எட்டு ஆண்டுகள் இழுத்தது, வெளியீடும் தள்ளிப்போனது. உடன் உழைத்தவர்கள் பட்ட பாடு சிறிதல்ல.

ஆகவே வரையத் தெரியாதவருக்கு இது எளிய துறை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் நடப்பதை, உண்பதை, தயங்குவதை தகஹாதா அளவுக்கு உற்றுப்பார்க்கும் பொறுமை உனக்குச் சிறுவயது முதலே உண்டு என்பதை நான் அறிவேன். விண்ணப்பத்தை அனுப்பிவிடு.

அன்புடன்,
அண்ணன்