படகுத் திருட்டையும் பாடத்தில் சேருங்கள்

இளங்கலை ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ‘இயற்கையே ஆசான் என்னும் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் கருத்தை விளக்குக’ என்ற வினாவுக்கான விடைத்தாள்களை இந்தப் பருவத்திலும் கட்டுக்கட்டாகத் திருத்தி முடித்தேன். வசந்தகாலக் காட்டின் ஒரு சிறு தூண்டல், ஞானிகள் அனைவரையும்விட நன்மை தீமையைப் பற்றி அதிகம் கற்றுத்தரும் என்ற அடிகளை மேற்கோள் காட்டி, அதன்கீழ் மரம் வளர்ப்பதைப் பற்றி ஒரு பத்தி சேர்த்து, ஏறத்தாழ எல்லோரும் ஒரே விடையைத்தான் எழுதியிருந்தார்கள். மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் பாடமாக வைத்திருக்கும் பகுதியிலிருந்து வேறு விடை எழுத வழியில்லை.

அந்த அடிகள் வரும் கவிதை, 1798-இல் வெளிவந்த ‘லிரிகல் பாலட்ஸ்’ தொகுப்பில் இரட்டையாக அமைந்த இரண்டு கவிதைகளில் பின்னது. முன்னதில், பழைய சாம்பல்நிறக் கல்லின்மேல் உட்கார்ந்து பொழுதைக் கனவில் கழிக்கும் வில்லியமைப் புத்தகங்கள் எங்கே என்று கேட்டு நண்பன் மேத்யூ கடிந்துகொள்கிறான்; பின்னதில் வில்லியம் அதைத் திருப்பிக் கொடுக்கிறான். ஒழுக்கவியல் நூல்கள்மீது சற்று அளவுமீறிய பற்றுக்கொண்ட ஒரு நண்பருடன் நடந்த பேச்சிலிருந்து இவை பிறந்தன என்று தொகுப்பின் முன்குறிப்பே சொல்கிறது. நண்பர்களுக்கிடையே விளையாட்டாக மிகைப்படுத்திச் சொன்ன வாதத்தை, பட்டிமன்றத்தில் ஓர் அணியை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பெழுதுவதைப் போல, கவிஞரின் முழுத் தத்துவமாக நாம் வகுப்பறையில் அறிவித்துக்கொண்டிருக்கிறோம்.

இயற்கை எப்படிக் கற்பிக்கிறது என்று அவர் உண்மையிலேயே துருவிப் பார்க்கும் இடம், தம் வாழ்க்கையைத் தாமே பாடிய ‘பிரிலூட்’ நெடுங்கவிதையின் முதல் பகுதியில் வரும் படகுத் திருட்டு. ஒரு மாலையில் ஏரிக்கரை வில்லோ மரத்தில் கட்டியிருந்த பிறர் படகைச் சிறுவனான கவிஞன் அவிழ்த்துக்கொண்டு போகிறான். துடுப்பு வலிப்பவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, விட்டுவந்த கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். இதை நான் ஒவ்வோர் ஆண்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு நடித்துக்காட்டுகிறேன், ஏனெனில் இது புரியாவிட்டால் கவிதையே புரியாது. வழி தவறாதிருக்கக் கரையோரப் பாறைமுகட்டின் உச்சியில் அவன் கண்ணை நிறுத்துகிறான். படகு விலக விலக, அதுவரை முகட்டின் பின்னால் மறைந்திருந்த கரிய மலையொன்று தலைதூக்குகிறது. பயந்துபோய் மேலும் மேலும் வலிக்கிறான். மலையும் மேலும் மேலும் உயர்ந்து, உயிருள்ளதைப் போல அவனைத் துரத்துகிறது. நடுங்கும் துடுப்புகளோடு திரும்பி வந்து படகை இருந்த இடத்திலேயே விடுகிறான்.

மலை அசையவேயில்லை. அருகிலுள்ள மேடு தொலைவிலுள்ள மலையை மறைப்பதும், பார்ப்பவன் விலகிச் செல்லும்போது அது வெளிப்படுவதும் பார்வைக் கோணத்தின் கணக்கு. படகுக்கு உரியவன் அதே தடத்தில் வலித்துச் சென்றிருந்தால் மலை மலையாகவே நின்றிருக்கும். திருடிய நெஞ்சு குறுகுறுத்ததால்தான் அது துரத்தியது. அப்போதும் ‘திருடாதே’ என்று அது சொல்லவில்லை. பல நாள் கனவைக் கலைத்த, பெயரிட முடியாத ஓர் அச்சத்தை மட்டுமே விட்டுச்சென்றது. 1805-ஆம் ஆண்டுப் படியில், ‘நிச்சயமாக இயற்கைதான் என்னை நடத்திச் சென்றது’ என்று அடைப்புக்குறிக்குள் கவிஞர் சொல்கிறார். ஐயமுள்ள இடத்தில்தானே நாமும் அந்த ‘நிச்சயமாக’வைத் தேடுகிறோம். அவர் மறைந்தபின் 1850-இல் அச்சான பதிப்பில் அந்தச் சொல் இல்லை.

அவருடைய தோழரான கவிஞர் கோல்ரிட்ஜ் இந்த ஐயத்தை மறைக்கவில்லை. ஏரியும் மலையும் தன் குழந்தைக்குக் கற்பிக்கும் என்று 1798-இல் நம்பி எழுதியவர், 1802-இல் மனச்சோர்வைப் பற்றிப் பாடும்போது, விண்மீன்களின் அழகைக் காண முடிகிறது, உணர முடியவில்லை என்கிறார். நாம் கொடுப்பதைத்தான் இயற்கையிடமிருந்து பெறுகிறோம் என்று முடிவுகட்டுகிறார். (தலைவனும் தலைவியும் கூடியபோது அவர்களைப் பொருட்படுத்தாமல் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டு நின்ற குறுந்தொகைக் குருகை அறிந்த நம் மாணவர்களுக்கு இது விளங்காமல் போகாது.)

வேர்ட்ஸ்வொர்த்தேகூட 1844-இல், விண்டர்மியர் ஏரிப்பக்கம் ரயில்பாதை வருவதை எதிர்த்து ‘மார்னிங் போஸ்ட்’ இதழுக்கு எழுதிய கடிதங்களில், இயற்கைக் காட்சியைச் சுவைக்கும் திறன் மனிதருக்குப் பிறவியில் வாய்ப்பதன்று, சிறிதுசிறிதாகப் பழகி வருவது என்று வாதிட்டார். புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வா என்று அழைத்தவர், ரயிலேறி வரும் தொழிலாளிகளிடம் முதலில் பழகிவிட்டு வாருங்கள் என்றதை, நான் மரியாதையுடனேயே சொல்கிறேன், நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டாமா? ரயில் 1847-இல் வந்துவிட்டது.

ஆகவே, இப்போதுள்ள கவிதையை நீக்க வேண்டாம். அதன் முன்னதையும், படகுப் பகுதியையும், கோல்ரிட்ஜின் 1802-ஆம் ஆண்டுக் கவிதையையும் அதனுடன் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். படகுப் பகுதி ஏறத்தாழ ஐம்பது அடிகள்தான். ஒரு வகுப்பு போதும். வினாத்தாளில் ‘விளக்குக’ என்பதற்குப் பதிலாக, ‘படகிலிருந்த சிறுவனுக்குக் கற்பித்தது எது?’ என்று கேட்டுப் பாருங்கள். வெவ்வேறு விடைகள் வரும் தாள்கட்டைத் திருத்த நேரம் கூடுதலாகும் என்பதை அறிந்தே இதைக் கேட்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆங்கில இலக்கிய ஆசிரியர்