கார்டு போச்சு சார்!

ஆசிரியருக்கு வணக்கம்.

அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் வளரும் நாடுகளுக்கு 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் காலநிலை நிதி என்று முடிவானது நினைவிருக்கும். அந்தக் கூட்டம் முடிந்தது 2024 நவம்பர் 24. ஆறே நாளில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, அப்புறம் தென்பெண்ணை எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. பணம் வரும்போது வரட்டும். தொழில்நுட்பத்தையும் தர வேண்டும் என்று 1992 ரியோ காலநிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்களே, அது எங்கே?

என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார். புயலுக்குப் பேனல் அசையக்கூட இல்லை, அதற்கு ஒரு கும்பிடு. இன்வெர்ட்டர்தான் போய்விட்டது. வந்த பையன் ஐ.டி.ஐ. படித்தவன், டிவி, மிக்ஸி எதைக் கொடுத்தாலும் சரி பண்ணிவிடுவான். கழற்றினால் பச்சை போர்டில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருகியிருந்தது. "கார்டு போச்சு சார், இதோட சர்க்யூட் படம் கம்பெனிக்காரன் தர மாட்டான், மொத்தமா மாத்தணும்" என்றான். வெளிநாட்டுச் சரக்கு. ஏழு வாரம் பேனல் மாடியில் சும்மா வெயில் காய்ந்தது.

எங்கள் கடலூர் மாவட்டத்தில்தான் நெய்வேலி இருக்கிறது. சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத வாளிச்சக்கர எந்திரம் ஜெர்மன்காரர்களுடையது, 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. அங்கே வேலை பார்த்த என் அப்பா, ரஷ்யக்காரர்கள் பக்கத்தில் நின்று கைச்சாடையிலேயே சொல்லிக்கொடுத்ததை வாய் ஓயாமல் சொல்வார். அந்த நிலையத்தை 2020இல் மூடும்வரை ஓட்டியது நம்ம ஆட்கள். (பழுப்பு நிலக்கரிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, நிலம் கொடுத்தவர்களின் கதை தனி.) கரியை எரிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள், வெயிலில் மின்சாரம் எடுக்க மட்டும் பெட்டியை சீல் வைத்து அனுப்புகிறார்கள்.

3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது மத்திய அரசு. அந்த மானியத்துக்குத் தகுதியான கம்பெனிப் பட்டியலில் இடம் வேண்டுமென்றால் சர்க்யூட் படத்தைக் கொடு, பத்து வருஷம் உதிரிபாகம் கொடு, கடலூர் ஐ.டி.ஐ.யில் வந்து ஒரு மாதம் சொல்லிக்கொடு என்று நிபந்தனை போட இதற்கென ஒரு மாநாடு கூட வேண்டுமா என்ன? கருகிய அந்த போர்டைப் பையன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், நோண்டிப் பார்க்கிறானாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்