பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய அட்டைப்பெட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. பரணில் போடச் சொன்னாய், அங்கே ஏது இடம்? ஹாலில் டிவி பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் என்ன ஏது என்று கேட்கிறார்கள். வீடு மாற்றுகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது போதும்தானே?

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடி வீட்டுக்காரர் விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

ஒன்று சொல்லவேண்டும், பொதுவாகத்தான் சொல்கிறேன். பி.எஃப். பணத்தில் அவசரப்பட்டு யாரும் கை வைக்கக் கூடாது. ஐந்து வருட சர்வீஸ் முடிவதற்குள் எடுத்தால் வரி வேறு கட்டவேண்டும். உனக்குத் தெரியாததில்லை.

அம்மாவுக்கு ஏக சந்தோஷம். முன்பெல்லாம் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய். போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டு வத்தக்குழம்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாயாம். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. உன்னிடமும் எதுவும் கேட்கவில்லை.

கரையான் பயத்தில் ஒரு பெட்டியைப் பிரித்தேன். மேலேயே நூலக அறிவியல் பாடப்புத்தகம். ஓரமெல்லாம் உன் பென்சில் கோடு, கேள்விக்குறி, ஓரிடத்தில் "அப்படியா?" என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் கரண்ட் போனால்கூட மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு படித்தவள்தானே நீ! முப்பது வருடம் சர்க்குலரையும் ஃபைலையும் தவிர வேறெதுவும் படிக்காத மனுஷன் நான். இப்போது உன் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குப் போய்விடுகிறேன். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்று அங்கே தனிப் பகுதி இருக்கிறது. சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், நடுவில் நான். நீ கோடு போட்ட இடத்துக்கு வந்தால் நின்று விடுகிறேன். இதில் என்ன இருக்கிறதென்று இவள் கோடு போட்டாள் என்று யோசித்துவிட்டுத்தான் அடுத்த வரி. ஒரு பக்கத்துக்கே கால் மணி ஆகிறது. யாரும் அவசரப்படுத்துவதில்லை. படிப்பில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ரங்கநாதனைப் பற்றிய பக்கத்தில் ரெட்டைக் கோடு. நம் சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டனில் பொம்மைக் கடையில் மெக்கானோ செட்டை, அதுதான் துண்டு துண்டாக மாட்டி விதவிதமாகச் செய்கிற விளையாட்டுச் சாமான், அதைப் பார்த்து, புத்தகங்களை வகைப்படுத்த அவருக்கு யோசனை தோன்றியது என்ற இடத்தில் நீ நட்சத்திரம் போட்டிருக்கிறாய். சரி. ஆனால் அதற்கு முந்தின பத்தியைக் கோடே போடாமல் தாண்டிவிட்டாயே! வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே அந்தத் தனிமை தாங்காமல் மறுபடி கல்லூரிக்கே ஓடிப்போய், பழைய வேலையைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றார் முதல்வர். ரங்கநாதன் திரும்பிவந்து அந்த வாத்தியார் வேலையைக் கேட்கவே இல்லை, இருபது வருடம் நூலகராகவே இருந்தார். அது வேறு விஷயம். கதவு ஒன்று திறந்திருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். மேனேஜரிடம் நல்லபடியாகப் பேசிவிட்டு வருவது, ரிலீவிங் லெட்டரைக் கையோடு வாங்கிக்கொள்வது, இதெல்லாம் யாருக்கும் நல்லதுதான்.

நீ எது செய்தாலும் யோசித்துத்தான் செய்வாய். ஆனால் மாப்பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையென்றால் எப்படி இருக்கும் சொல்லு. அவர் போனில் "அவ சொல்லுவா மாமா" என்று இரண்டு தரம் சொன்னார். நானும் சரி சரி என்றேன்.

இன்னொன்று, ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். தனியாக ஒன்று எடுத்து வைத்துக்கொள். நாள் தள்ளாதே. பணம் வேண்டுமென்றால் மாப்பிள்ளையிடம் கேட்கத் தயங்கினாலும் என்னிடம் தயங்காதே. என் பென்ஷனில் எனக்கு என்ன பெரிய செலவு, மாத்திரையும் பஸ் டிக்கெட்டும்தான். ஜனவரியில் புத்தகக் கண்காட்சி சமயத்தில் இங்கே வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ. லீவு கிடைக்குமா என்று நான் கேட்கப்போவதில்லை.

பி.எஃப். பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா