வாசிகசாலை இணையத்தளத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கு,

எங்கள் வாசிகசாலையின் இணையத்தளத்தில் இப்போது அறிவித்தல்களை நாங்களே போடுகிறோம். "இன்று பின்னேரம் மட்டும்தான் திறந்திருக்கும்" என்று நூலகர் அக்கா கைபேசியிலேயே எழுதிவிடுகிறார். முன்பு இந்த ஒரு வரிக்காகக் கனடாவுக்கு ஈமெயில் போட்டுவிட்டு, அங்கே விடியும்வரை காத்திருப்போம். அதற்குள் இங்கே பின்னேரமே முடிந்துவிடும்.

முதல் நன்றி அந்தக் கனடா அண்ணைக்குத்தான். ரொறன்ரோவில் வேலை முடிந்துவந்து, பிஎச்பி என்ற நிரல்மொழியிலும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்திலும் எங்கள் நூற்பட்டியலைத் தனி ஆளாகச் செய்து தந்தவர் அவர். இன்னொருவர் கைவைக்கப்போகிறார் என்றதும் முகம் சுளிக்கவில்லை. கடவுச்சொற்களோடு, எந்த அட்டவணையில் என்ன இருக்கிறது என்று தமிழிலேயே குறிப்பெழுதி அனுப்பினார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் இந்த வேலை நடந்தே இராது.

அடுத்தது, யாழ். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பிக்கும் அவரோடு வந்த தங்கச்சிக்கும். எங்கள் நிர்வாகசபையில் பாதிப்பேர், எல்லாவற்றையும் கழற்றி, நாங்களே எழுதிப் பதிவிடக்கூடிய இணையத்தள மென்பொருளான வேர்ட்பிரஸுக்குள் போடச் சொன்னோம். தம்பி மறுத்துவிட்டார். "பட்டியல் நல்லாத்தானே வேலை செய்யுது. அதை ஏன் குழப்புவான்?" என்று கேட்டார். வீட்டுப் பக்கத்தில் பத்தி (சாய்ப்பு) இறக்குவதென்றால் யாரும் வீட்டை இடிப்பதில்லையே! நூற்பட்டியல் அதன் தரவுத்தளத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் தனித் தரவுத்தளத்தில் வேர்ட்பிரஸ். அது பட்டியலைப் படிக்கலாம், ஆனால் எதையும் மாற்ற முடியாத கணக்கு ஒன்றைத்தான் அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். கட்டுரை எழுதும்போது நூலின் இலக்கத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால், தங்கச்சி எழுதிய சின்ன பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்ந்து இயங்கும் துணைமென்பொருள்) தலைப்பையும் ஆசிரியரையும் கொண்டுவந்து காட்டும். பழைய முகவரிகள் ஒன்றும் மாறவில்லை. பட்டியலை இணைப்புக் கொடுத்து வைத்திருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு அதனால் ஒரு கரைச்சலும் இல்லை. பிஎச்பி 7 இல் நீக்கப்பட்ட பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகளையும் அப்படியே மாற்றி எழுதிவிட்டார்கள்.

அப்புறம் வந்ததுதான் பெரிய சோதனை. பழைய பக்கத்தில் ஒழுங்காகத் தெரிந்த தலைப்புகள், வேர்ட்பிரஸ் பக்கத்தில் கொம்பும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்து நின்றன. தரவுத்தளத்தில் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கம்) என்று பெயர் ஒட்டிய பெட்டிக்குள் யூடிஎஃப்-8 (யூனிகோட் குறியாக்கம்) தமிழ் கிடந்திருக்கிறது. நேரே மாற்றினால் இன்னும் மோசமாகும் என்று தங்கச்சி தடுத்தார். பிரதி ஒன்றை எடுத்துவைத்துவிட்டு, அட்டவணையின் ஒவ்வொரு நிரலையும் (column) முதலில் எழுத்து அடையாளம் இல்லாத வெறும் பைட்டாக்கி, அதன்பிறகே யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லின் முழு யூடிஎஃப்-8) ஆக்கினார்.

அப்போதுதான் இன்னொன்று பிடிபட்டது. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும், புள்ளிக்கும் அரவுக்கும் (ா) கூடத் தனித்தனியே. தலைப்புக்கு ஒதுக்கியிருந்ததோ 100 பைட். 33 குறியீட்டோடு சரி. "யாழ்ப்பாணம்" என்ற சொல்லுக்கே 11 குறியீடு போய்விடும். அதிகம் அடிபட்டவை எங்கள் கல்வெட்டுகள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர்களைத்தான் சொல்கிறேன். ஊரின் வம்சாவளியே அவற்றில்தான் இருக்கிறது. "அமரர்" என்று தொடங்கி, ஊரைச் சொல்லி, ஆளின் பெயர் வருவதற்குள் தலைப்பு அறுந்திருந்தது. பட்டியலில் வரிவரியாக அமரர்கள், யார் என்றுதான் தெரியாது!

இதைக் கணினியால் சரிசெய்ய முடியாது, அலுமாரியைத் திறந்து அட்டையைப் பார்க்கத்தான் வேண்டும். அதைச் செய்தவர் ஓய்வுபெற்ற எங்கள் தமிழ் மாஸ்டர். புழுதி ஒத்துக்கொள்ளாத உடம்பு, மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். உயர்தரம் எழுதிவிட்டு இருந்த பிள்ளைகள் பக்கத்தில் இருந்து ரைப் செய்தார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடந்த அறிக்கைகளை யூனிகோட்டுக்கு மாற்றியதும் இதே பிள்ளைகள்தான். மாஸ்டர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார், எழுதவில்லை.

கரண்ட் நின்ற நேரங்களில் வயர் இழுத்துத் தந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும், கேட்காமலே தேத்தண்ணியும் வடையும் அனுப்பிய சந்திக் கடை அண்ணைக்கும் மனமார்ந்த நன்றி. சேவர் வாடகையைப் பொறுப்பேற்ற லண்டன் உறவுகளுக்கும் அப்படியே.

மாஸ்டர் இன்னும் கடைசி அலுமாரியில்தான் நிற்கிறார். சில மலர்களின் அட்டை கறையான் தின்றுவிட்டது. உங்கள் வீட்டுக் கல்வெட்டு எங்கள் பட்டியலில் அரைகுறையாகத் தெரிந்தால், முழுத் தலைப்பை நூலகர் அக்காவிடம் சொல்லுங்கள். அன்றைக்கே திருத்திவிடுவார்.

நன்றியுடன்,
நிர்வாகசபை சார்பில் செயலாளர்,
யாழ்ப்பாணம்